நனையாமல் எடுத்த தீர்மானம்

சால்ட்ரிட்ஜ்,
பிப்ரவரி 18, 1972

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அம்மா எழுதுவது. இடுப்பைத் தவிர என் உடம்பில் மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நியூசிலாந்தில் சுகமாக இருக்க வேண்டும். அங்கே இப்போது கோடை என்பதற்காகக் குழந்தையை மாலைக் காற்றில் சட்டையில்லாமல் விடாதே.

நம் ஊர் நகரமன்றம் கடற்கரை மண்டபத்தை இடிக்கத் தீர்மானித்துவிட்டது. அந்தத் தீர்மானத்தை அந்த மண்டபத்துக்குள்ளேயே மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு, ஒரு சொட்டு நனையாமல் எடுத்தார்கள். தலைமை தாங்கியவன் உன் சித்தப்பா ஜெரால்ட். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் தம்பி என்றும் பார்த்திருக்க மாட்டார்.

ஒரு பெஞ்சுக்காக இவ்வளவு சண்டையா அம்மா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நீயா இப்படிக் கேட்பது? சின்ன வயதில் காற்று திசை மாறியதும் சாண்ட்விச் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் ஓடி முதலில் இடம் பிடிப்பவள் நீதானே. கூரை ஒன்று, பக்கம் நாலு, நடுவில் சிலுவைபோல் கண்ணாடித் தடுப்பு. கடல் எங்கிருந்து சீறினாலும் ஏதாவது ஒரு பக்கத்தில் தீக்குச்சி அணையாமல் எரியும். அந்த இரும்புத் தூண்களை வார்த்தவன் இந்தக் கரையில் உட்கார்ந்து நனைந்து பார்த்தவன். காலைச் சாப்பாடு முடிந்ததும் நம் விடுதியில் தங்க வந்தவர்களை வெளியே அனுப்பி, தேநீர் வேளைவரை நான் கதவைச் சாத்திவைத்தது எந்தத் தைரியத்தில்? மண்டபம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான். இந்த ஊரில் எல்லா விடுதிக்காரிகளும் அப்படித்தான் பிழைத்தோம்.

அதற்குப் பதிலாக மேற்குக் கோடியில் மாதிரிக்கு ஒன்று கட்டியிருக்கிறார்கள். கான்கிரீட். தட்டையான கூரை, முன்பக்கம் முழுக்கத் திறப்பு, கடலைப் பார்த்து ஒரே வரிசை இருக்கை. கடலைப் பார்க்க வசதியாம். கடலுக்கும் நம்மைப் பார்க்க வசதி! மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, முதலில் நீங்கள் அதில் ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்றேன். ஜெரால்ட் சிரித்துக்கொண்டே, “அண்ணி, நீங்க எந்தக் காலேஜ்ல கட்டடக்கலை படிச்சீங்க?” என்று கேட்டான். நான் பதினாலு வயதில் பள்ளியை விட்டவள் என்பது அவனுக்குத் தெரியும். “மழையில படிச்சேன்டா, நீயும் வந்து படி” என்றேன். சபை சிரித்துவிட்டது, அவனால் மறுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெரால்டோடு சேர்த்து மன்றக் குழுவினர் ஐந்து பேரும் அந்தக் கான்கிரீட் மண்டபத்தில் உட்கார்ந்து பார்க்க வந்தார்கள். தென்மேற்கிலிருந்து சாய்வாக மழை. முதலில் ஒருவருடைய தொப்பி போயிற்று, பிறகு ஜெரால்டின் காகிதங்கள். எழுந்தார்கள், வரிசையாக நடந்து பழைய மண்டபத்துக்கு வந்தார்கள், யாரும் சொல்லித்தராமலே காற்றில்லாத பக்கமாகச் சுற்றிப்போய் உட்கார்ந்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிளாஸ்கில் இருந்த தேநீரைக்கூட அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஜெரால்ட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இதை அகற்றச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றான். ஐந்து கைகளும் உயர்ந்தன. ஒரு கையில் என் கோப்பை இருந்தது.

நான் அந்தக் கோப்பையைப் பிடுங்கி மிச்சத்தைத் தரையில் ஊற்றினேன். ஜெரால்ட் என் பின்னாலேயே வந்து, “கோவிச்சுக்காதீங்க அண்ணி, ஊரு முன்னேறணும்ல? இரும்பெல்லாம் துருப்புடிச்சுப் போச்சு” என்றான். “உனக்கும்தான் முட்டி துருப்புடிச்சிருக்கு, உன்னை யாரு இடிச்சா?” என்று கேட்டேன். மறுநாள் அவன் மனைவி மியூரியல் சமாதானத்துக்கு ஒரு டப்பா இஞ்சி பிஸ்கட் கொடுத்தனுப்பினாள். பிஸ்கட்டை வைத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பி அனுப்பினேன்.

வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய். உன் அன்பு புரிகிறது. ஆனால் மார்ச் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, மண்டபத்தை இடிக்க லாரி வருகிறது. அன்று எனக்கு வேலை இருக்கிறது. நான் உள்ளே உட்காரப் போகிறேன். பக்கத்து வீட்டு மிசஸ் புரோத்தரோவும் வருகிறாள். “நம்மளத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது எனிட்?” என்று பயப்படுகிறாள். “தூக்கட்டும், என் இடுப்பைப் பாத்து மெதுவா தூக்கச் சொல்லு” என்றேன். குழந்தைக்கு இருமல் நின்றதா என்று எழுத மறக்காதே. உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இனி நடக்க வேண்டியது இதுதான். மிசஸ் புரோத்தரோ கம்பளிகளும் சூப்பும் கொண்டுவர வேண்டும். மற்ற விடுதிக்காரிகள் ஆளுக்கொரு பக்கமாக நாலு பக்கமும் நிறைக்க வேண்டும். நீ இது கிடைத்த அன்றே உன் சித்தப்பாவுக்குத் தந்தி கொடுக்க வேண்டும். நீ குழந்தையாக இருந்தபோது அந்த மண்டபத்தில்தான் அவன் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றான், என் பேச்சுக்குக் கல்லாக இருப்பவன் உன் பேச்சுக்கு இளகுவான். ஜெரால்ட் அந்த ஐந்து பேரையும் கான்கிரீட் கூரைக்கடியில் நிற்கவைத்து மறுபடி கை தூக்கச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மழையைத் தென்மேற்கிலிருந்து அனுப்ப வேண்டியது கடவுள்.

இடம் விட்டு எழாத உன் அம்மா,
எனிட் டிராண்டர்