சீப்பைத் தட்டிவிடும் கை

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
ஆண்கள் பகுதி, இரண்டாம் மாடி,
முதியோர் இல்லம்.

பெறுநர்
சுகாதார அலுவலர் அவர்கள்,
முதியோர் இல்லக் கண்காணிப்புப் பிரிவு.

பொருள்: மறதி நோயாளிகள் தம் வாயால் வலியைச் சொன்னால்தான் மருத்துவரை அழைப்போம் என்ற இல்ல விதியை நீக்கவும், பெண்கள் பகுதியில் உள்ள ஒருவரை இன்றே மருத்துவர் பார்க்கச் செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

நான் பணியில் இருந்தபோது, சின்னம்மையிலிருந்து மீண்டு வகுப்புக்கு வந்த ஒரு மாணவி எழுந்து நின்று கேட்டாள்: "சார், எனக்குச் சரியாயிடுச்சு. அந்தக் கிருமி இப்ப எங்க போயிருக்கும்?"

எங்கும் போகவில்லை என்பதுதான் விடை. அது நரம்பின் வேரில் ஒடுங்கிக்கொள்கிறது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்வரை கடைசி பெஞ்சில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் பையனைப் போல என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. முதுமையில் உடலின் காவல் தளரும்போது அந்தப் பையன் எழுந்திருக்கலாம். நரம்பு போகும் வழியிலேயே முதலில் எரிச்சல், பிறகு கொப்புளம். இதைத்தான் அக்கி என்கிறோம்.

1. என் மனைவி மறதி நோயின் தொடக்க நிலையில் இவ்வில்லத்தில் சேர்க்கப்பட்டார். சாப்பிட்டதை மறப்பார், என் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால் மறக்காமல் திருத்துவார். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் தலைவாரும்போது பணிப்பெண்ணின் கையிலிருந்த சீப்பைத் தட்டிவிட்டார். மறுநாளும் அப்படியே. என்ன செய்கிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "அம்மா ரெண்டு நாளா ஒரே அடம் சார். தலையத் தொட விடமாட்டேங்கறாங்க" என்று பணிப்பெண் சொன்னார். அவர்மீது எனக்குக் குறையில்லை. பாசமாகத்தான் பார்த்துக்கொண்டார்.

2. வலியாக இருக்கலாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் தந்த பதில் இது: "அவங்க வாயால சொல்லட்டும் சார், உடனே கூப்பிடறேன். நீங்க சொன்னா அது உங்க கம்ப்ளெயிண்ட். அவங்களோடது இல்லையே." பல் முளைக்கும் குழந்தை அழுதால், எந்தப் பல் என்று அது சொல்லட்டும் எனக் காத்திருக்கும் தாய் உண்டா? இதையும் கேட்டேன். "வாத்தியார்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று சிரித்தார். அன்று மாலை என் மனைவியின் இரு கைகளுக்கும் விரல் பிரியாத துணிக் கையுறை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் முடிந்துவிட்டார்கள். பிறரை அடிக்கிறாராம்.

3. நெற்றியில் கொப்புளம் இறங்கிய பிறகே மருத்துவர் வந்தார். இடப்பக்க முடியை விலக்கினார். உள்ளே இருந்தவை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன் என்றார். முடிக்குள் மறைந்திருந்ததால் அந்த நாட்கள் கைநழுவிவிட்டன.

4. அக்கி ஆறியது. ஆனால் அதன் பிறகு என் மனைவியின் நினைவு படிப்படியாக இறங்கவில்லை. காலடியில் தரை விலகியது போல ஒரேயடியாகச் சரிந்தது. இப்போது நான் அறைக்குள் நுழைந்தால், "யாரைப் பாக்கணும் சார்?" என்று மரியாதையாகக் கேட்கிறார். பொத்தான்களைப் பார்ப்பதே இல்லை.

இதற்கெல்லாம் அந்தக் கிருமிதான் காரணம் என்று நான் எழுதவில்லை. தெருவில் எல்லோரும் குடை பிடித்திருந்தால் மழை என்று சொல்லலாம்; குடைதான் மழையை வரவழைத்தது என்று சொல்ல முடியாது. அக்கி போன்ற சாதாரணக் கிருமித் தொற்றுகளுக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதி நோய் சற்றுக் குறைவாகக் காணப்பட்டதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. முடிவான விடை இன்னும் இல்லை. விடை வரும்வரை, தெரிந்த வலிக்கு மருந்து கொடுக்க என்ன தடை?

5. இம்மனுவை இன்று அவசரமாக எழுதக் காரணம் வேறொருவர். என் மனைவிக்கு அடுத்த கட்டிலில் இருப்பவர் தையல் கடை நடத்தியவர். எல்லோருக்கும் அவர் தையலக்கா. மறதி முற்றிய நிலையிலும் வாய்த்துடுக்கு குறையாதவர். "வாத்தியாரே, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. உங்க காலர் மட்டும் இன்னும் ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கு" என்பார். நாள் முழுவதும் இரண்டு விரல்களைக் கத்தரியாக்கிப் போர்வையை வெட்டிக்கொண்டிருப்பார்.

நேற்று முதல் அவர் பேசவில்லை. விரல்கள் போர்வையில் ஓடவில்லை. இடக்கை காதுக்கு மேலேயே இருக்கிறது. மின்விசிறிக் காற்று பட்டாலும் முகம் சுருங்குகிறது. இன்று காலை சீப்பைத் தட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையுறைகளைக் கொண்டுவந்தார்கள்.

அக்கியாக இல்லாமலும் போகலாம். நான் மருத்துவன் அல்லன். ஆனால் இதே காட்சியை அதே அறையில் ஒருமுறை முழுதாகப் பார்த்தவன். என் மனைவிக்கு நேர்ந்ததற்குப் பிறகுதான் வெளி மருத்துவரை அழைத்துவர அனுமதி தந்தார்கள், அதுவும் உறவினர்களுக்கு மட்டுமே. அவருடைய ஒரே மகன் கப்பலில் வேலை செய்கிறார், தொலைபேசியில் கிடைக்கவில்லை. மேலாளரிடம் மீண்டும் போனேன். "உங்களுக்கு அவங்க என்ன உறவு சார்?" என்றார். அங்கிருந்து நேராகத் தங்கள் அலுவலகத்துக்குக் கிளம்பி வந்தேன்.

எனவே, நடத்தையில் திடீர் மாற்றம் தெரிந்தாலே மருத்துவரை அழைக்க வேண்டும் என இல்லத்துக்கு ஆணையிடுமாறும், மருத்துவர் பார்க்காமல் எவர் கையையும் கட்டக் கூடாது எனத் தடைவிதிக்குமாறும் வேண்டுகிறேன். உரியவர்களுக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்வதையும் தாங்கள் பரிசீலிக்க வேண்டும். இவற்றுக்கு நாளாகலாம், காத்திருப்பேன்.

தையலக்காவால் காத்திருக்க முடியாது. தாங்களோ தாங்கள் அனுப்பும் மருத்துவரோ இன்றே வாருங்கள். அவரிடம் எதையும் கேட்க வேண்டாம். முதலில் கையுறையை அவிழ்த்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், காதுக்கு மேலே இடப்பக்க முடியை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: திங்கட்கிழமை, முற்பகல்

பணிவுடன்,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்