பவுனுக்குப் போர்வை

டிசம்பர் 3, புதன். விடிந்ததிலிருந்து மழை. பள்ளி லீவு.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என்னை நல்லவளாகக் காட்டத் திருத்த மாட்டேன். நான் மட்டும் படிக்கும் நோட்டில் பொய் எழுதி என்ன பயன்?

அப்பா சிதம்பரத்தில், ஆஸ்பத்திரியில். பைக் சறுக்கிக் கணுக்கால் முறிவு. நாளை ஆபரேஷன். அம்மா துணைக்கு. செம்மண்டலத்து வீட்டில் நானும் மாமாவும் மட்டும். மாமா அம்மாவின் தம்பி, சிப்காட்டில் ஷிப்டு வேலை. குதிரை என்றால் நான்கு அடி தள்ளி நிற்பார். ஆகவே பவுனு என் பொறுப்பு.

பவுனு வெள்ளைப் பெண் குதிரை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அப்பா அழைத்துப் போவார். வயது இருபது. குதிரைக்கு அது கிழ வயது.

மதியம் கொட்டகையில் தண்ணீர் ஏறியது. பவுனை அவிழ்த்து, வாசல் தகர ஷெட்டுக்குக் கொண்டுவருவதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். கடல் பக்கமிருந்து காற்று. மழைக்காலத்தில் அப்பா அதன் காதைத் தொட்டுப் பார்ப்பார், மார்பைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு சில நாள் சாக்கு போடுவார், சில நாள் போட மாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பவள் இதைக் கேட்கவில்லை.

போனில் தேடினேன். எந்தக் குளிருக்கு எந்தப் போர்வை என்று ஓர் அட்டவணை. படத்தில் பனியில் நிற்கும் குதிரைகள். நம் ஊர் டிசம்பர் அந்த அட்டவணையிலேயே இல்லை.

காதைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. முடிவு செய்துவிட்டேன். இரண்டு சாக்கைப் பிரித்து முதுகில் போட்டு, சாரல் படாமல் இருக்க மேலே ஒரு ஃபிளெக்ஸ். வீட்டில் இருந்த பெரிய ஃபிளெக்ஸ் என் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அடித்தது ஒன்றுதான். வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டினேன். பவுனின் விலாவில் என் முகம், ரோஜாப் பூக்களுக்கு நடுவில்.

மாமா ஷிப்டு முடிந்து வந்து பார்த்தார். "இன்னா புள்ள, குதிரைக்குச் சடங்கா? எனக்குச் சொல்லவே இல்ல. தாய்மாமன் நான் சீர் எடுத்தாரணுமில்ல."

சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. (உண்மை எழுத வேண்டும் அல்லவா.)

டிசம்பர் 4, வியாழன். மழை விட்டுவிட்டு.

அவசரமாக எழுதுகிறேன். கையெழுத்து மோசம்.

ஆறு மணிக்குப் போனேன். பவுனு தலையைத் தொங்கப் போட்டிருந்தது. மூக்கு விடைத்து விடைத்து மூச்சு. ராத்திரி வைத்த வைக்கோல் அப்படியே. கயிறு அவிழ்த்து ஃபிளெக்ஸைத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஆவி வந்தது. சாக்கு பிழிந்தால் சொட்டும். அதற்குக் குளிரவில்லை, வெந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் காற்று பட்டு நடுங்க ஆரம்பித்தது.

நனைந்த உடம்பைத் துடைக்காமல் மூடியிருக்கிறேன். அப்பா முதலில் வைக்கோலால் அரை மணி நேரம் தேய்ப்பார். ஒவ்வொரு மழைக்கும் பார்த்திருக்கிறேன். காதைத் தொடுவது மட்டும்தான் நினைவில் நின்றது. மழையில் நனைந்த காது ஜில்லென்றுதானே இருக்கும்?

பத்து மணிக்கு அப்பா போன். ஆபரேஷனுக்கு உள்ளே போகப் போகிறார்.

"பவுனு தின்னுச்சாம்மா?"

"தின்னுச்சுப்பா."

"தொடச்சு வுட்டியா?"

"வுட்டேன்."

"அப்ப எனக்கு ஒண்ணும் கவலை இல்ல. வெச்சுரட்டா?"

இரண்டு பொய். இங்கே எழுதியாயிற்று. அவரிடம் சொல்லவில்லை.

பிற்பகல். மாமா மழையிலேயே போய் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை அழைத்து வந்தார். ஜுரம். இரண்டு ஊசி. விலாவில் குழாய் வைத்து ரொம்ப நேரம் கேட்டார்கள்.

"சளி உள்ள இறங்கப் பாக்குது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தீனி எடுத்துச்சுன்னா பொழைச்சுக்கும். எடுக்கலன்னா எனக்கு போன் பண்ணு. வயசான குதிரை, நான் உறுதி சொல்ல மாட்டேன்."

போர்வை போடலாமா என்று கேட்டேன்.

"ஈரத்து மேல எதையும் போடாத. பிளாஸ்டிக் எப்பவுமே வேணாம். ஒடம்பு காஞ்சிருந்து, அப்பவும் நடுங்குனா கம்பளி போடு. கைய உள்ள வுட்டுப் பாத்துக்கினே இரு. வேர்த்தா எடுத்துடு."

"சரியா எப்ப போடறதுன்னு..."

"பக்கத்துல இருக்கிறது நீ. நீதான் பாத்து முடிவு பண்ணணும்."

அதுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி. மழை இல்லை. காற்று மட்டும், பலமாக.

தீனி எடுக்கவில்லை. தவிடு, வெல்லம், அகத்திக்கீரை, எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் இரண்டு மடக்கு.

ராத்திரிச் சாரலில் மறுபடி நனைந்திருந்த உடம்பைக் காலையிலிருந்து வைக்கோலால் தேய்த்தேன். தோள்பட்டை விட்டுப்போயிற்று. மாமா லீவு போட்டுவிட்டு, முதல் முறையாகப் பவுனின் மறுபக்கம் நின்று தேய்த்தார். "ஒதைக்காதுல்ல?" நான்கு முறை கேட்டார். அதற்கு உதைக்கத் தெம்பில்லை என்று நான் சொல்லவில்லை.

12.30. அப்பாவுக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பொய்களையும் சேர்த்து. பின்னால் வார்டு இரைச்சல். பிறகு, "முன்னங்கால் சந்துல, மாருக்குப் பக்கத்துல பொறங்கைய வெய்யி. காத நம்பாத. இன்னா சொல்லுது பாரு." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

4.10. முடி காய்ந்துவிட்டது. புறங்கை வைத்தேன். சூடு குறைவு. தொடை நடுங்குகிறது. போடவா? போட்டு மறுபடி வேர்த்தால்? போடாமல் விட்டு இது விழுந்துவிட்டால்? "நீங்க சொல்லுங்க மாமா" என்றேன். "எனக்கு ஷிப்டு சைரன் தவிர ஒண்ணும் தெரியாது புள்ள" என்றார்.

4.25. போட்டேன். அம்மாவின் கம்பளி. கயிறு கட்டவில்லை.

4.50. கை விட்டேன். ஈரம் இல்லை.

5.20. ஈரம் இல்லை. நடுக்கம் இருக்கிறது.

5.45. நடுக்கம் தொடையில் மட்டும். டாக்டரம்மா நம்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். காற்று அதிகமாவதால் கரண்டை நிறுத்தப் போகிறார்களாம்.

6.05. ஈரம் இல்லை. நடுக்கமும் நின்றிருக்கிறது. அசையாமல் நிற்கிறது. இது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

6.15. அகத்திக்கீரையை மூக்கருகே பிடித்திருக்கிறேன். உதடு அசைந்தது. ஒரு கொத்து இழுத்தது. வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறது, மெல்லவில்லை, கீழேயும் போடவில்லை. மாமா "ம், ம்" என்று அதனிடம் கெஞ்சுகிறார். தாடை

கரண்டை நிறுத்திவிட்டார்கள். இருட்டில் எழுதுகிறேன். மெல்லும் சத்தம் கேட்கிறது.