நீலக் கறை

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. வானம் முழுவதையும் எப்போதோ படமெடுத்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பழைய படங்களைக் கணினியில் சதுரம் சதுரமாகத் துழாவ உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பதினொரு வருடம் துழாவினேன், ஒன்றும் அகப்படவில்லை. உனக்கு ஏழே மாதத்தில் ஒரு நெபுலா! சாகிற நட்சத்திரம் ஊதிவிட்ட வாயு மேகம், அதுவும் யாரும் பார்க்காதது! வயிறு எரிகிறதடி, மறைப்பானேன். உன் அத்தான் வேறு, "சின்னவ கெட்டிக்காரிதான்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். இன்று அவருக்குக் காப்பி கிடையாது.

எனக்கென்னவோ அது யாரோ முன்பே கண்டதாகத்தான் இருக்கும் என்று படுகிறது. ஏற்கெனவே கண்ட நெபுலாக்களின் அட்டவணைகளைப் புரட்டிவிட்டு எழுதுகிறேன்.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பொறாமைப்படுவாய் என்று தெரிந்துதான் முதலில் உனக்கு எழுதினேன். குற்றம் கண்டுபிடிக்க உன்னை விட்டால் ஆளில்லை.

புதியவற்றைப் பட்டியலில் சேர்க்கும் குழு பதில் போட்டிருக்கிறது. ஒரே படத்தில்தான் இருக்கிறதாம், பிலிமில் விழுந்த கறையாக இருக்கலாமாம். வேறொரு தொலைநோக்கியிலும் தெரிந்தால்தான் ஏற்பார்கள். மாதக் கடைசிவரைதான் கெடு. என் தொலைநோக்கி சின்னது. நான்கு வருடம் முன்பு நீ உன் பெரிய தொலைநோக்கியில் வானத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாயே, அதில் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை பார்ப்பாயா? இல்லையென்றால் விட்டுவிடுகிறேன்.

தங்கை

மார்ச் 24

அன்புத் தங்கைக்கு,

உன்னுடையதைக் கவிழ்க்கத்தான் ஒன்பது அட்டவணைகளைப் புரட்டினேன். எதிலும் இல்லை. பிறகு என் பழைய படத்தின் மூலப் பிரதியைத் திறந்தேன். உன் படத்தில் இருக்கிற அதே இடத்தில் அதே நீலக் கறை.

உனக்கு அனுப்பியது நான் சுத்தம் செய்த பிரதி. அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்துகிற கை சும்மா இருக்குமா? கேமராவில் பட்ட ஏதோ வெளிச்சம் என்று நினைத்து நானே அழித்திருக்கிறேன். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் உன்னுடையதும் வெறும் கறையாகவே போய்விடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூலப் படம் மெமரி கார்டில் இருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். கிடைத்த அன்றே குழுவுக்கு அனுப்பு. பெருந்தன்மை காட்டுகிறேன் என்று என் பெயரைச் சேர்த்தாயோ, அப்புறம் உன்னோடு பேச மாட்டேன். கண்டவள் நீ. நான் அழித்தவள்.

இப்போதும் எரிகிறது. ஒரு வாரத்துக்கு எனக்குப் போன் பண்ணாதே.

அக்கா