கடுகு மஞ்சள் கோட்டு

டெவென்டர்,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்பு லீஸ்பெத் அக்காவுக்கு,

உன் தங்கை இனேகே எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரர் யாப், அம்மா மூவரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீயும் அந்தப் போர்ச்சுகல் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். முகம் பார்த்துப் பேசலாம் என்று கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. சாதாரணமாகக் கூப்பிட்டாலோ, 'கடையில கூட்டம்டி' என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் உனக்குப் பிடித்த சேதி. வெயில் இன்னும் போகவில்லை, பிள்ளைகள் இன்னும் ஆற்றில் குதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் கடைவீதியில் இலையுதிர் காலம் வந்து இறங்கிவிட்டது. கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மைகள் எல்லாம் கம்பளிக்குள் புழுங்குகின்றன. இந்த வருஷம் எங்கே திரும்பினாலும் பழுப்புதான். கோட்டு பழுப்பு, பூட்ஸ் பழுப்பு, நகப்பூச்சுகூடப் பழுப்பு. கிழவிகள் நிறம் என்று நீ காலமெல்லாம் ஒதுக்கிய நிறத்தை இப்போது இருபது வயதுப் பெண்கள் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். நானும் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தேன், கழுத்து முழுவதும் மூடுகிற மாதிரி. இந்த வயதில் என்னை முதலில் கைவிட்டது கழுத்துதான். துணி மாற்றுகிற அறையில் விளக்குப் போட்டவனுக்குப் பெண்களோடு என்ன பகையோ தெரியவில்லை. அந்த வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, அம்மா எப்போது கடைக்கு வந்தாள் என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். ஸ்வெட்டரை வாங்கிவிட்டேன்.

நீ அனுப்பிய இரவு கிரீம் தீரப்போகிறது. யாப் அதைத் தன் குதிகால் வெடிப்புக்குப் பூசிக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தேன். 'ரெண்டும் தோலுதானே' என்கிறார் மனிதர். கைக்கு மட்டும் நான் இன்னும் மாட்டு மடிக்குப் பூசுகிற அதே மஞ்சள் களிம்புதான். நீ மூக்கைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. அழகு நிலையம் நடத்துகிறவளின் தங்கை மாட்டுக் களிம்பு பூசுகிறாள் என்று உன் வாடிக்கைக்காரிகளிடம் சொல்லித் தொலைக்காதே. தலைக்குச் சாயம் போடுவதை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். உச்சியில் வெள்ளை, கீழே காப்பி நிறம் என்று இருக்கும் இந்த இடைக்காலத்தைக் கடக்கத்தான் தைரியம் வரவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் கத்தரிக்கோலை எடுத்து ஒரே நாளில் முடித்திருப்பாய்.

இனி பிறந்தநாள் கதைக்கு வருகிறேன். புதன்கிழமை எனக்கு ஐம்பது ஆனது. எதிர்வீட்டு ரியா சும்மா இருப்பாளா? நம் ஊர் வழக்கப்படி ஐம்பது ஆனவள் வாசலில் சாரா என்று ஒரு கிழவி பொம்மையை உட்கார வைத்துத் தெருவையே சிரிக்க வைத்தால்தானே அவளுக்குத் தூக்கம் வரும்? நீ உன் ஐம்பதை அங்கே கழித்ததால் தப்பித்துக்கொண்டாய். பொம்மைக்குப் போட எனக்குத் தெரியாமல் யாப்பிடம் பழைய துணி கேட்டிருக்கிறாள். தானத்துக்கு என்று நான் கட்டி வைத்த மூட்டை கொட்டகையில் கிடந்தது. அதை விட்டுவிட்டு, பக்கத்தில் தொங்கிய கோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார் இவர். எந்தக் கோட்டு தெரியுமா? நீ இங்கே விட்டுப்போன, ஊருக்கே தெரிந்த உன் கடுகு மஞ்சள் கோட்டு! அக்டோபரில் எப்படியும் வருவாய் என்று நான்தான் அதைக் காற்றாடப் போட்டிருந்தேன். கூடவே உன் பச்சை ஸ்கார்ஃபும் போயிருக்கிறது.

காலையில் எழுந்து பார்த்தால், வாசல் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு, தலையைச் சாய்த்து ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நைலான் காலுறைக்குள் பஞ்சு அடைத்த முகம், அதற்கு இரட்டைத் தாடை வேறு. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உன்னைவிட அதற்குத்தான் அந்தக் கோட்டு எடுப்பாக இருக்கிறது என்று எழுதி உனக்குப் படம் அனுப்பலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் தன் வீட்டிலிருந்து அம்மா வந்த டாக்ஸி வாசலில் நின்றது.

கண்ணுக்குள் ஊசி போட்டும் அம்மாவுக்கு நடுப்பார்வை திரும்பவில்லை என்று உனக்கு முன்பே சொன்னேன். நிறம் தெரிகிறது, உருவம் தெரிகிறது, அவ்வளவுதான். ஓட்டுநர் நடைவண்டியை இறக்குவதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். சமீபத்தில் அவள் அப்படி நடந்து நான் பார்க்கவில்லை. 'வந்துட்டியா? வந்துட்டியாடி கண்ணு?' என்று கேட்டுக்கொண்டே போய், நான் கதவைத் திறந்து ஓடுவதற்குள் பெஞ்சில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். 'கிறிஸ்மஸுக்கு வந்தப்போ உன் லிப்ஸ்டிக்கப் பத்தி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வயசுக்குத் தகுந்த கலரப் போடுன்னு சொல்ல நான் யாரு? எது வேணும்னாலும் போட்டுக்கோ. அதுக்காக அம்மா வீட்டுக்கே வராம இருந்துடுவியா?' என்றாள். சொல்லிக்கொண்டே அதன் கன்னத்தைத் தடவினாள்.

கை அப்படியே நின்றுவிட்டது, அக்கா.

ரியா தெருவின் நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். அம்மா அழவில்லை. 'பொம்மை நல்லாத்தான் இருக்கு ரியா. ஸ்கார்ஃபத்தான் தப்பாக் கட்டியிருக்கே. எங்க லீஸ்பெத் இப்படிக் கட்டமாட்டா' என்றாள். அந்த முடிச்சைத் தடவித் தடவி அவிழ்த்து, நீ கட்டுவது போலவே தோள் பக்கமாகக் கட்டிவிட்டு எழுந்தாள்.

பிறகு எல்லாம் வழக்கம் போலத்தான். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தோம். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவுக்கும் கைகொடுத்து, மகளுக்கு ஐம்பது ஆனதற்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவளும் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். ரியாதான் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். யாப் இன்றுவரை என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை, பாவம். கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அவளுக்கு என் மேல இன்னும் கோவமா?' என்று கேட்டாள். 'கோவமெல்லாம் இல்லம்மா, அவளுக்கு வேலை' என்றேன். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். பிப்ரவரியில் உன் முகத்தில் ஒரு பக்கம் மரத்துப் போனது, வாய் ஒரு புறமாக இழுத்துக்கொண்டது, அந்தக் கண் இன்னும் சரியாக மூடாதது, அதனால்தான் நீ யாருக்கும் முகம் காட்டுவதில்லை என்பது எல்லாம். சொல்லாதே என்றாய், நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இங்கே ஒருத்தி, தன் வாயால்தான் மகளை இழந்தோம் என்று உள்ளுக்குள் மருகிக்கொண்டிருக்கிறாள். இதை எத்தனை நாள்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்?

முகம் நேராகட்டும், வருகிறேன் என்கிறாய். உன் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. ஊரிலேயே அழகி என்று பேரெடுத்தவள் நீ. மற்றவர்கள் முகத்தை அழகாக்கிப் பிழைக்கிறவள். கழுத்துத் தோல் தொங்குகிறது என்பதற்கே ஸ்வெட்டர் வாங்குகிற நான் உனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டேன் பார்! ஆனால் உன் டாக்டர் வசந்தம் வரை பொறு என்கிறார். அம்மாவின் டாக்டரோ, வசந்தத்தில் அவளுக்கு எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

உன்னைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. கோணின வாயோடு நீ என்னைத் திட்டினாலும் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். இந்தப் பழுப்பு நிறம் நம் வயசுக்காரிகளுக்கு எடுபடாது என்று நீ வந்து சொன்னால்தான் இந்த ஊர்ப் பெண்களுக்கும் புத்தி வரும்.

நேற்று அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும், ஒரே ஒரு சேதி மட்டும் எழுதச் சொன்னாள். உன் முகத்தைப் பற்றி அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது, என்னை நம்பு. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

'எனக்கு நேராப் பாத்தா ஆளு மூஞ்சியே தெரியல, கலங்கலா இருக்கு. பக்கத்துல உக்காந்தா மட்டும் ஓரக்கண்ணால கொஞ்சம் தெரியுது. அதனால வந்தா எதிர்ல உக்கார வேணாம்னு சொல்லு. பக்கத்துல உக்காரட்டும். எந்தப் பக்கம்னு அவளே பாத்துக்கட்டும்.'

நல்லபடியாக வந்து சேர், அக்கா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
இனேகே