செல்லக்கண்ணுவுக்கு நாலு மணி நேரம்

19.1.2025, ஞாயிறு

காலை பதினோரு மணிக்கு உறையூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் தாஜுதீன், பன்னிரண்டாவது படிக்கும் சின்ன மகள் அல்ஷிஃபா, கைலாசபுரத்திலிருந்து வந்த தர்மராஜ் சார். ஐந்தாவதாகக் கூண்டுக்குள் செல்லக்கண்ணு. வெள்ளைக் காக்கட்டூக் கிளி. ஒன்பது வயது. கோபம் வந்தால் தலைக் கொண்டை விசிறி மாதிரி விரிகிறது. சந்தோஷம் வந்தாலும் விரிகிறது. எது எதுவென்று இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு சார் இருபது வருட வாடிக்கை. ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஹைதராபாத்தில் மகளோடு இருக்கப் போகிறார். அந்த அடுக்குமாடியில் பறவை வளர்க்கக் கூடாதாம். அவனுக்கு நல்ல வீடாகத் தேடுகிறார் என்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார். "நம்ம வீட்டுக்குக் கேளுங்க" என்று சொன்னவள் நான்தான். மூத்தவள் ருக்ஸார் கல்யாணமாகி துபாய் போனதிலிருந்து பகலில் இந்த வீட்டில் மிக்ஸியைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பது, பிறகு முடிவு என்று பேச்சு. டாக்டர் சீட்டு, அரசாங்கப் பதிவுக் காகிதம், கைப்பட எழுதிய நான்கு பக்கக் குறிப்பு எல்லாவற்றையும் சார் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தார்.

"தினம் நாலு மணி நேரமாவது யாராச்சும் கூட இருக்கணும்மா. தனியா விட்டா தன் சிறகைத் தானே பிடுங்கிக்குவான். என் மனைவி ஆஸ்பத்திரியில இருந்த மாசம் நெஞ்சு பூரா மொட்டையாயிடுச்சு. எனக்காகன்னு வச்சுக்காதீங்க. முடியாட்டி முடியலைன்னு சொல்லிடுங்க."

ஐம்பது, அறுபது வருடம் உயிரோடு இருக்குமாம். எனக்கு நாற்பத்தாறு. மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

20.1, திங்கள்

அவன் உடம்பிலிருந்து மாவு கொட்டுகிறது! டிவி மேல், குர்ஆன் வைத்திருக்கும் அலமாரி மேல், எல்லா இடத்திலும் சலித்த மாதிரி வெள்ளைத் தூள். மூன்று முறை துடைத்தேன். சாயங்காலம் என் தோளில் ஏறிக் கழுத்தில் தலையைப் புதைத்து அப்படியே கண்ணை மூடிக்கொண்டான். நாலாவது முறையும் துடைக்கலாம், தப்பில்லை.

21.1, செவ்வாய்

சமையல்கட்டு நிலைக்கதவில் ஒரு சாண் மரம் காலி. இவருக்கு இன்னும் தெரியாது.

22.1, புதன்

மதியம் லுஹர் தொழ வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முசல்லா விரிப்பில் நின்றேன். கூண்டில் ஒரே ஆட்டம். நான் குனிந்தால் அவனும் குனிகிறான். நான் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால் கம்பியில் தலை இடிக்கும் சத்தம். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால், அரை நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த அல்ஷிஃபா வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

இவர் கடையிலிருந்து வந்ததும் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெள்ளையா, பெருசா ஒண்ணு வந்து அவன் முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு எந்திரிச்சா அவன் என்னதான் நினைப்பான்? நமக்குப் பொண்ணு பார்த்துட்டாங்கன்னு நினைச்சிருப்பான்."

"உங்களுக்குத் தொழுகையிலயும் விளையாட்டு" என்று அதட்டினேன். அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

23.1, வியாழன்

பூப்போட்ட துப்பட்டிக்கு மாறியதில் ஆட்டம் நின்றது. ஆனால் கூப்பிடுகிறான். தொழுகையில் நான் எப்படிப் பதில் சொல்வது? பதில் வராவிட்டால் அடுத்த கத்தல் இன்னும் பெரிசு. அல்ஷிஃபா புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். "மாடல் எக்ஸாம்ல நான் ஃபெயிலானா உங்க பிள்ளையையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கம்மா."

24.1, வெள்ளி

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். கணக்கு நானாகப் படித்தது, அதனால் அதில் பொய் எழுத வராது. இன்று முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அவனோடு உட்கார்ந்தது மொத்தம் ஒரு மணி பத்து நிமிடம்.

சமையல் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். சாரின் குறிப்பு மூன்றாம் பக்கம்: நான்ஸ்டிக் புகை ஆகாது, அடுப்படிக்குள் விடக் கூடாது. துணி துவைக்கும் நேரம்? சோப்புத் தண்ணீரைக் குடிக்கப் பார்க்கிறான். தொழுகை நேரத்தை எழுதப் பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அது அவன் கணக்கும் இல்லை, என் கணக்கும் இல்லை.

26.1, ஞாயிறு

உறவில் ஒரு நிக்காஹ். மூன்று பேருமே போயிட்டோம். அஞ்சு மணி நேரம்தானே, பழம் வச்சிருக்கு, தண்ணி வச்சிருக்குன்னு நினைச்சேன். திரும்பி வந்தா கூண்டுக்கு அடியில சிறகு. சின்னச் சின்னது. ஏழு. ஒண்ணோட நுனியில ரத்தம்.

சார் சொன்னாரே. சொல்லித்தானே குடுத்தாரு. நான் என்ன பண்ணிட்டு வந்தேன்? பிரியாணி சாப்பிட்டுட்டு வந்திருக்கேன்.

எழுத வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மூன்று நாளாகத் தொழுகையில் குர்ஆனின் சின்ன சூராவாகத் தேடி ஓதுகிறேன். அல்லாஹ்வின் முன்னால் நின்றுகொண்டு ஒரு காதைக் கூண்டில் வைத்திருக்கிறேன். அங்கேயும் பாதி, இங்கேயும் பாதி.

27.1, திங்கள்

கத்தல் தாங்காமல் பக்கத்து வீட்டு அனுசுயா கையில் பூவோடேயே வந்துவிட்டாள். "அக்கா, யார் வீட்டுப் பிள்ளைக்கா இப்படித் தொண்டை கிழியக் கத்துது?"

அனுசுயாவும் அவள் மாமியார் வீரம்மாளும் பூக்கட்டுகிறவர்கள். புருஷன் அழகிரி விடியலில் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டிலிருந்து மூட்டையைக் கொண்டுவந்து போட்டால், மதியம் மூன்று வரைக்கும் இரண்டு பேரும் முற்றத்தை விட்டு நகர்வதில்லை. கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு. அந்த ஓய்வில் தெருவே அலசப்படும்.

சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொண்டுபோய் விட்டேன். போனதும் முழம் மல்லிகையைக் கொத்தி எறிந்தான்.

"அடேய்! அது பெருமாளுக்குப் போறதுடா! எச்சில் பண்றியா?" என்று அனுசுயா கத்தினாள். அவனும் கத்தினான். அவள் திரும்பக் கத்தினாள். வீரம்மாள் அந்த முழத்தை எடுத்துத் தனியாகப் போட்டுவிட்டு, கூண்டைப் பூ எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார். "நாக்கு நீளத்துக்கு உனக்குச் சரியான ஆளு வந்திருக்குடி."

அனுசுயா ஈரமான வாழை நாரில் நான்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். ஒரு முடிச்சை அவிழ்க்க அவனுக்குப் பத்து நிமிடம். பிறகு நாரை இழை இழையாகக் கிழிக்கிறான். மூன்று மணி நேரம் ஒரு கத்தல் இல்லை. நான் அஸரை நிதானமாக, நீள சூராவாகவே ஓதித் தொழுதேன்.

28.1, செவ்வாய்

காலை எட்டுக்கே கொண்டுபோய் விட்டேன். கூண்டுக்கு அடியில் நார் மட்டும்தான். சிறகு இல்லை.

29.1, புதன்

மாலையில் அழைத்து வந்தால் தோளில் உட்கார்ந்துகொண்டு பக்கத்துச் சுவரையே பார்க்கிறான். அல்ஷிஃபா: "அம்மா, உங்க பிள்ளை வீட்டோட மாப்பிள்ளையாயிட்டான்." சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. பொறாமையா? ஆமாம், பொறாமைதான்.

30.1, வியாழன்

செல்லக்கண்ணுவை வைத்துக்கொள்கிறாயா என்று அனுசுயாவிடம் கேட்டே விட்டேன். "அறுபது வருஷம் இருக்கும்டி. மாவு கொட்டும், மரம் திங்கும். யோசிச்சுச் சொல்லு."

கை நிற்கவில்லை. தொடுத்துக்கொண்டே பேசினாள். "எனக்கு இருபத்தொன்பதுக்கா. நான் எங்க போகப் போறேன்? இதே முற்றம், இதே பூ. பேச்சுக்கு ஆள் கிடைச்சா வேண்டாம்னா சொல்லுவேன்? ஆனா அந்த சார் ஓட்டு வீட்டுக்குக் குடுப்பாரா?"

வீரம்மாள் மடியில் ஏற்கெனவே முடிச்சுப் போட்ட நார் ஆறு இருந்தது.

இவரிடம் சொன்னேன். "நீதானே ஆசைப்பட்டே சுராயா?" என்றார். ஆசைதான். இப்போதும் ஆசைதான். கழுத்தில் அவன் தலை வைத்த இடம் இப்போதும் சூடாக இருக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் ஆசையை வைத்து நாலு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பேன்?

31.1, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு சாருக்கு அனுப்பியது. திரும்பப் படித்துப் பார்க்க இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"சார், வணக்கம். சுராயா எழுதுகிறேன். செல்லக்கண்ணு நன்றாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தனியாக விட்டுப் போனதில் ஏழு சிறகு பிடுங்கிவிட்டான். என் தப்பு. திங்களிலிருந்து ஒன்றுகூட இல்லை. காரணம் நான் இல்லை, பக்கத்து வீட்டு அனுசுயா. பூக்கட்டுகிற குடும்பம். ஓட்டு வீடு, ஏசி கிடையாது. ஆனால் தினம் ஏழு மணி நேரம் மாமியாரும் மருமகளும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அவனோடு சண்டை போட்டுக்கொண்டு. அடுப்பு பின்கட்டில், புகை முற்றத்துக்கு வராது. டாக்டரிடம் அழைத்துப் போவது என் பொறுப்பு. நீங்கள் கேட்ட நல்ல வீடு என் வீடு இல்லை சார், அடுத்த வீடு. நேரில் வந்து ஒரு மணி நேரம் அந்த முற்றத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதற்கு முன்னால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொடுக்கச் சம்மதமா, இல்லையா? இரண்டு வாரம் முடியும் ஞாயிறுக்குள் பதில் சொல்லுங்கள் சார்."