சோளத்தட்டைக் கட்டில்

கீழப்பழுவூர்
6.11.2024

சத்யப்பிரியாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீ கொடுத்தனுப்பிய முக்காலியைத் தவிர. போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

புதுப் பொருளாயிற்றே என்று கழுவி, மஞ்சள் தடவி, கொட்டகையில் காயவைத்தேன். மாடு ஒரு காலைத் தின்றுவிட்டது. என் அண்ணி சுந்தராம்பாள் வந்து பார்த்துவிட்டு, "ஏ ஜெகதா, ஒன் மருமவ சீரு கொண்டாறாளா, தீவனம் கொண்டாறாளா?" என்கிறாள். மானம் போயிற்று.

தையில் கல்யாணம். சீர்க் கட்டிலையும் இதே மக்காச்சோளத் தட்டையில்தான் செய்யப்போகிறாயாம், வீரமணி சொல்கிறான். மரவேலைக்குப் பேர்போன அரும்பாவூரில் பிறந்த உனக்கு ஒரு தேக்குக் கட்டில் கிடைக்கவில்லையா? மக்கிப்போகிற கட்டிலில் என் பிள்ளை குடித்தனம் தொடங்குவது எனக்கு ஒப்பவில்லை. தேக்கு வராவிட்டால் கல்யாணத்தைப் பற்றியே யோசிக்க வேண்டியிருக்கும்.

ஜெகதாம்பாள்


அரும்பாவூர்
13.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். மாடு எப்படி இருக்கிறது? கழிச்சல் ஒன்றும் இல்லையே? தட்டையும் புளியங்கொட்டைப் பசையும் தவிர அதில் வேறெதுவும் இல்லை, பயப்படாதீர்கள். நனைந்தால் இளகும் என்று சொல்லாமல் அனுப்பியது என் தப்பு. வீட்டுக்குள் ஈரம் படாமல் இருந்தால் பல வருஷம் உழைக்கும். அப்புறம் உடைத்து வயலில் போட்டால் எருவாகிவிடும்.

இங்கே அறுப்பு முடிந்ததும் தட்டையையும் பருத்திமாரையும் கொளுத்துவார்கள். அந்தப் புகையில் அப்பாவுக்கு இழுப்பு வரும். அதைப் பார்த்துத்தான் தட்டையில் சாமான் செய்யும் இந்தப் பட்டறையையே தொடங்கினேன். ஊருக்கெல்லாம் இதை விற்றுவிட்டு என் கல்யாணத்துக்கு மட்டும் தேக்கு வாங்கினால் என்னை யார் நம்புவார்கள்?

உங்கள் பிள்ளையைக் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க" என்று நழுவுகிறார். எனக்குக் கோபமெல்லாம் அவர் மேல்தான். கல்யாணம் நின்றால் அழுவேன் அத்தை. ஆனால் கட்டிலை மாற்ற மாட்டேன்.

உங்கள்
சத்யப்பிரியா


அரும்பாவூர்
4.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதிலே இல்லை. பத்திரிகை அடிக்கக் கொடுக்கலாமா என்று அப்பா தினமும் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

கட்டில் முடிந்துவிட்டது. நானும் தங்கை ஜெயசுதாவும் ஏறிக் குதித்துப் பார்த்தோம். அசையவில்லை. வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சத்யப்பிரியா


கீழப்பழுவூர்
9.12.2024

அன்புள்ள சத்யாவுக்கு,

உன்னை இத்தனை நாள் தவிக்கவிட்டேன். எனக்கும் தூக்கமில்லை.

எனக்கு எங்கள் அப்பா சீராகக் கொடுத்தது தேக்குக் கட்டில்தான். நாலு ஆள் பிடித்தால்தான் நகரும். வீரமணி கைக்குழந்தையாக இருந்தபோது அவன் அப்பா வேறொருத்தியோடு போய்விட்டார். நீயும் கேள்விப்பட்டிருப்பாய். அன்றிலிருந்து நான் அதில் படுத்ததில்லை, தரையில் பாய்தான். ஒரு பூச்சி அரிக்கவில்லை, ஒரு சட்டம் விலகவில்லை. அது கிடக்கும் அறைக்குள் நான் அதிகம் போக மாட்டேன். நல்ல பொருளை எப்படி எறிவது என்று அப்படியே வைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த அறையைப் போய்ப் போய்ப் பார்த்தேன்.

நேற்று ஆள் வைத்து அதை வெளியேற்றிவிட்டேன். அண்ணி பதறிப்போய், "மக்கிப்போற கட்டிலுக்காவவா இத தூக்குற?" என்றாள். "மக்குனா மக்கட்டும் அண்ணி, அதுங்க ரெண்டும் நல்லா இருந்தா போதும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் விளக்குமாற்றை எடுத்து அறையைக் கூட்டினாள்.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கச் சொல். கட்டிலின் நீள அகலம் எழுது. ஜன்னல் பக்கம் சாரல் அடிக்கும், எதிர்ச் சுவரோரம் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன்.

உன்
அத்தை