வம்ச மரத்தில் ஏற்றிய சித்தப்பா

ஜூன் 4, வியாழன்

விடியலிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ரிசார்ட் சீருடையை ஈரத்தோடே மாட்டிக்கொண்டு வேலைக்கு.

மதியம் சிவா போன். குரலே சரியில்லை. "போடியில இருந்து மாமா கூப்பிட்டாரு. ஆவணியில நம்ம கல்யாணத்துக்கு வரமாட்டாராம். நீ எனக்குத் தங்கச்சியாம்."

சிரித்துவிட்டேன். அப்புறம் மாமாவுக்கு யாரோ வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்ட லிங்கை அனுப்பினான். சிரிப்பு நின்றது.

பிரபாகர் சார் வேலை. போன வருஷம் தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில், எங்கள் வரிசை வீடுகளில், குடும்ப வரலாறு சேகரிக்கிறேன் என்று வீடு வீடாக வந்தாரே, அந்த ஆய்வாளர். அப்பாவைப் பேசவிட்டு ரெக்கார்ட் செய்தார். இப்போது எல்லாவற்றையும் வம்ச மரமாக்கி இணையத்தில் போட்டிருக்கிறார். அதில் என் தாத்தாவும் சிவாவின் தாத்தா கருப்பையாவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி! அண்ணனின் மகன் வழியில் நான். தம்பியின் மகன் வழியில் சிவா. பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் அப்பாவின் குரல்: "கருப்பையா எங்க சித்தப்பா."

அடப்பாவி மனுஷா.

ஜூன் 5

மழை. கரண்ட் இல்லை. ஆத்திரம் அடங்கவில்லை, எழுதியாவது தொலைக்கிறேன்.

லயத்தில் யார்தான் யாருக்குச் சொந்தமில்லை? ஒரே கங்காணி ஆள்பிடித்து மலையேற்றிக் கூட்டிவந்தவர்கள். ஒரே அறையில் நடுவே சாக்குத் தொங்கவிட்டு இரண்டு குடும்பம். சொந்தபந்தத்தை ஊரில் விட்டு வந்தவர்கள் இங்கே புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணன், தம்பி, சித்தப்பா. நாளைக்கு அந்த வீடுகளுக்குள் பெண் எடுத்தால் கூப்பிடுகிற முறையை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். எங்கள் நிச்சயத்தன்று தட்டு மாற்றிய கையோடு அப்பா சிவாவின் அப்பாவை "சம்பந்தி" என்று ஆரம்பித்தார். வாய் பழகவில்லை, மறுபடி "தம்பி". என்ன சிரிப்பு அன்றைக்கு.

எங்கள் குலசாமி சங்கரன்கோவில் பக்கம். அவர்களுக்கு உசிலம்பட்டி பக்கம். சாமி வேறென்றால் பங்காளி இல்லை, தாராளமாகப் பெண் கொடுக்கலாம். "உங்க குலசாமி எது?" ஒரே ஒரு கேள்வி. அதை அந்த ஆய்வாளர் கேட்கவில்லை. வீட்டு முறுக்கு மட்டும் நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கித் தின்றார்.

வாங்க: மெழுகுவத்தி, அப்பாவுக்கு பி.பி. மாத்திரை, குடைக்கம்பி சரிபண்ண.

ஜூன் 6

பிரபாகர் சாருக்குப் போன்.

"நான் இஷ்டத்துக்கு எழுதலைம்மா. அப்பா சொன்ன குரல்பதிவு இருக்கு. கருப்பையா இறந்தப்ப அப்பா மொட்டை போட்ட போட்டோவும் இருக்கு. ரெண்டு ஆதாரம்."

போட்டார்தான். என் தாத்தா மரம் விழுந்து செத்தபோது அப்பா கைக்குழந்தை. தூக்கி வளர்த்தது கருப்பையா தாத்தா. அவருக்கு மொட்டை போடாமல் பின்னே யாருக்குப் போடுவார்?

"உங்க ஆதாரத்தைத் தூக்கி அடுப்புல வையுங்க சார். என் கல்யாணம் நிக்குது."

"கோபப்படாதீங்க. அப்பா மறுத்து ஒரு பதிவு குடுக்கட்டும், உடனே திருத்திடறேன். ஆதாரமில்லாம அழிக்க முடியாது."

போடி மாமாவிடமும் பேசினேன். சிவாவின் தாய்மாமன், மணவறையில் மாலை எடுத்துக்கொடுக்க வேண்டியவர். குலசாமி விவரமெல்லாம் சொன்னேன்.

"இப்ப அப்படித்தான் சொல்லுவீக தாயி. உங்கப்பா பேசுனத ஊரே கேட்டிருச்சு. அதே வாயால இல்லைன்னு சொல்லட்டும், நான் மாலையோட வாரேன்."

நீ என்ன சொல்கிறாய் என்று சிவாவைக் கேட்டேன். "மாமா இல்லாம எப்படி? அப்பாவைச் சொல்லச் சொல்லு. ஒரு நிமிச வேலை."

ஒரு நிமிச வேலையாம். வாயில் நன்றாக வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

மழை விட்டு மூடுபனி. கறி எடுத்தோம். யாருக்கும் இறங்கவில்லை. அப்பா வாசலில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அவுக எனக்குச் சொந்தமில்லன்னு நான் சொல்லணுமாக்கும்?"

"பேருக்குத்தானேப்பா."

"எங்க அய்யா மொகம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச அய்யா மொகம் அவுக மொகம்தான்."

அழுதேன். கத்தவும் செய்தேன். செத்துப்போனவர் பெரிதா நான் பெரிதா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 10, புதன்

திரும்பவும் மழை. லீவு. பிரபாகர் சார் ஜீப்பில் வந்தார், காலெல்லாம் சேறு. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். நேற்றே "வரச்சொல்லு" என்று ஒற்றை வார்த்தை, அதற்குமேல் என்னிடம் பேச்சில்லை.

"அவுக ஊரு வேற, எங்க ஊரு வேற. சாமியும் வேற. ஒரே கங்காணிகிட்ட வந்தவுக. அம்புட்டுத்தான்."

"தெளிவா ஒரு வரி வேணுங்க ஐயா. அவர் உங்களுக்குச் சொந்தமா, இல்லையா?"

அந்த ஆளை அப்படியே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"கருப்பையா எனக்குச் சொந்தமில்ல."

சரியாகப் பதிந்ததா என்று சார் போட்டுப் பார்த்தார். அதே வரி இன்னொரு தடவை வீட்டுக்குள். அப்பா எழுந்து, குடைகூட எடுக்காமல், மழையில் இறங்கிப் போனார்.

சார் டீயைக் குடித்து முடித்தார். "ரொம்ப முக்கியமான பதிவும்மா இது." தூ.

சாயங்காலம் திருத்தம் வந்துவிட்டது. சிவா அதை மாமாவுக்கு அனுப்பினான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம். அதை எனக்கும் தள்ளிவிட்டிருக்கிறான், சந்தோஷமாம். அந்தக் கட்டைவிரலைப் பார்க்கப் பார்க்க ஒடித்துப்போடத் தோன்றுகிறது.

அப்பா இன்னும் வரவில்லை.